நன்றாக ஓடிய நாளின் நகல்

ஜூன் 9, திங்கள்

சர்வர் வந்துவிட்டது. ஏதோ ஒரு கம்பெனி கழித்துப் போட்ட பெட்டி. ரசாக் பாய் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முப்பத்திரண்டு ஜிபி நினைவகம், இரண்டு டிஸ்க். அலுவலகத்தில் என் மேசைக்கு அடியில் மட்டுமே இடம் இருந்தது. இனி கால் நீட்ட முடியாது. விசிறிச் சத்தம் ஓயவே இல்லை.

அப்துல் ரசாக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது சின்ன அலுவலகங்களின் கணினிகள் இவர் பொறுப்பில் இருக்கின்றன. இந்த ஒரே பெட்டிக்குள் மூன்று கணினிகளை உருவாக்கப் போவதாகச் சொன்னார். கையால் தொட முடியாத கணினிகள். எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“ஒரே ஊட்ல மூணு குடித்தனம் மேடம். அவங்கவங்களுக்குத் தனிக் கதவு. ஒருத்தர் ரூம்ல இன்னா கீதுன்னு இன்னொருத்தருக்குத் தெரியாது.”

“வீட்டுக்காரர் யார்?”

“நான்தான்,” என்று சிரித்தார்.

ஜூன் 11, புதன்

மூன்றும் ஓடுகின்றன. முதலாவது எங்கள் வாரப் பத்திரிகையின் இணையதளம். இரண்டாவது பழைய இதழ்களின் காப்பகம். மூன்றாவதற்கு ‘பக்கம்’ என்று பெயர் வைத்தோம். இந்தப் பெட்டி வாங்கியதே அதற்காகத்தான். எங்கள் பக்கங்களை இன்னும் பேஜ்மேக்கர் மென்பொருளில் கட்டுகிறோம். அதுவும் எங்கள் பழைய எழுத்துருக்களும் விண்டோஸ் எக்ஸ்பி இருந்தால்தான் வேலை செய்யும். எக்ஸ்பி ஓடிய கணினிகளில் ஒன்று ஏப்ரலில் போயிற்று, மற்றது மே மாதக் கடைசியில்.

எழுத்துருக்களை ஏற்றவே ரசாக் பாய்க்கு ஒன்றரை நாள் ஆனது. கொம்பு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில் என்று எழுத்துகள் சிதறின. கடைசியில் ‘கொ’ முழுதாக வந்தபோது நாங்கள் இருவரும் டீ குடித்தோம்.

‘பக்கம்’ மெஷினுக்கு இணையத் தொடர்பு இல்லை. எக்ஸ்பியை நெட்டில் விட்டால் வைரஸ் புகுந்துவிடும், ஒரு மணி நேரம் தாங்காது என்றார். நல்லதுதான்.

ஜூன் 12, வியாழன்

மாலை 4.10க்கு ஒருவர் வந்தார்.

தகவல் தருபவர்களின் பெயரை நான் நாட்குறிப்பில் எழுதுவதில்லை. முப்பத்தொரு வருட வழக்கம். ‘அவர்’ என்றே இருக்கட்டும். பெண். எஸ்டேட்டில் உள்ள ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பகுப்பாய்வாளராக ஏழு வருடமாக வேலை. ஆவடியில் குவார்ட்டர்ஸ், கணவர் தொழிற்சாலை ஊழியர். மகள் ஒன்பதாவது படிக்கிறாள்.

சொன்னது: ஜனவரி முதல் மே வரை நாற்பத்தொரு அடுக்ககங்களுக்கு அந்தக் கூடம் கொடுத்த அறிக்கைகளில் எண்கள் அப்படியே ஒன்று. கரைந்த திடப்பொருள் 412, கடினத்தன்மை 212, கிருமி இல்லை. அடுக்ககத்தின் பெயரும் தேதியும்தான் மாறுகின்றன. “பாட்டில் தண்ணியை டெஸ்ட் பண்றதே இல்லைங்க மேடம். லேபிளை எடுத்துட்டு அப்படியே தொட்டியில ஊத்தச் சொல்லிடுவார் முதலாளி.” நசரத்பேட்டையில் ஒரு குடியிருப்பில் பதினொரு பேருக்கு மஞ்சள் காமாலை. அந்த அறிக்கையும் இவர் கையெழுத்தில் போனதுதான். அதனால் வந்திருக்கிறார்.

பதிவேட்டின் பதினான்கு பக்கங்களைப் படம் எடுத்து வந்திருந்தார். பாட்டில் வந்த தேதி இருக்கிறது. சோதனைக் கட்டங்கள் எல்லாம் காலி. ஓரத்தில் முதலாளியின் கையெழுத்தில் ‘பழையதே போடவும்’ என்று ஒன்பது இடங்களில்.

கூடத்து வாசலில் போனை வாங்கிப் பார்ப்பார்களாம். படங்களை நகலெடுத்துக்கொண்டு, போனிலிருந்து அழித்துவிடச் சொன்னேன். என் எதிரிலேயே அழித்தார்.

“அறிக்கையில கையெழுத்து என்னுது மேடம். என் பேரு வெளியில வந்தா, எல்லாம் நான் பண்ணதுன்னு திருப்பிடுவாங்க. புரியுதுங்களா?”

புரிகிறது என்றேன். பெயர் எங்கும் போகாது என்று வாக்குக் கொடுத்தேன்.

எங்கே வைப்பது என்று யோசித்தேன். நெட் இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது. ‘பக்கம்’ மெஷினில் ‘வாடகை ரசீது’ என்று ஒரு ஃபோல்டர். உள்ளே பதினான்கு படங்கள், அவர் சொன்னதை நான் தட்டிய குறிப்பு. அதில் பெயர், போன் எண்.

ஜூன் 16, திங்கள்

அச்சகத்துக்குப் பிடிஎஃப் அனுப்ப ‘பக்க’த்தில் புதிதாக ஏதோ ஏற்ற வேண்டும் என்றார் ரசாக் பாய். அதற்கு முன் ‘ஸ்நாப்ஷாட்’ என்று ஒன்று எடுத்தார். ஏழு வினாடி. “மெஷினையே போட்டோ புடிக்கிற மாதிரி மேடம். நாளைக்கு இன்னா கெட்டாலும் இந்த நாளுக்கு வந்துரலாம்.” நமக்கும் அப்படி ஒன்று இருந்தால் என்றேன். “வாணாம் மேடம். எந்த நாளுக்குப் போவீங்க?” என்றார்.

ஜூன் 20, வெள்ளி

பக்கம் முடிந்தது. தலைப்பு: ‘நாற்பத்தொரு அடுக்ககங்கள், ஒரே தண்ணீர்.’ பதிவேட்டைப் பார்த்தோம் என்று மட்டும் எழுதினேன். எத்தனை பக்கம், யார் கொடுத்தது, எப்படி வந்தது — எதுவும் இல்லை. முதலாளியின் பதிலும் உண்டு: எல்லாம் விதிப்படி நடக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

செய்தி நேற்று வந்துவிட்டது. தினசரியில் இருந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: செய்தி அச்சானதும் பெயர் எழுதிய தாளைக் கிழித்துவிடுவேன். இன்று தாளுக்குப் பதில் ஃபோல்டர். அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். திறந்து பார்த்தேன், காலிதான்.

ஜூன் 27, வெள்ளி

அதிகாரிகள் ஆறு அடுக்ககங்களில் தண்ணீர் எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவு வர ஒரு மாதம்.

ஜூலை 1, செவ்வாய்

பூந்தமல்லியில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். பாதியில் ரசாக் பாய் போன். ‘பக்க’த்தில் மறுபடி எழுத்துகள் உடைகின்றனவாம். அதோடு இளங்கோவும் அவசரப்படுத்துகிறாராம். இளங்கோ எங்கள் உரிமையாளர், முப்பத்தெட்டு வயது. விளம்பரப் பக்கங்களை இனி வேலப்பன்சாவடியில் வித்யா என்பவரின் டிசைன் கடையில் கட்டப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டார். அவர்களுக்கும் எங்கள் எழுத்துரு வேண்டும். புதிதாக ஏற்றினால் இன்னொரு ஒன்றரை நாள்.

மைக்கில் யாரோ சாக்கடையைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். நான் காதைப் பொத்திக்கொண்டு சொன்னேன்: “நல்லா ஓடின நாளுக்குப் போய், அதையே காப்பி எடுத்துக் கொடுத்துடுங்க பாய்.”

“ரைட்டு மேடம்.”

ஜூலை 2, புதன்

எழுத்துகள் சரியாகிவிட்டன. பத்து நிமிஷ வேலை என்கிறார் பாய். நகலை ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு வேலப்பன்சாவடியில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்.

ஒரு சின்ன விஷயம். போன மாதம் முடித்துக் கொடுத்த ஓர் அஞ்சலிக் குறிப்பு திரையில் மறுபடி பாதியில் நிற்கிறது. ‘அன்னாருக்கு மனைவியும்’ என்பதோடு. அச்சில் வந்தாயிற்று. சேமிக்க மறந்திருப்பேன்.

ஜூலை 4, வெள்ளி

‘வாடகை ரசீது’ ஃபோல்டர் இருக்கிறது.

அழித்தேனே? ஜூன் 22 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அழித்ததாகத்தான் எழுதியிருக்கிறேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்ததாக. ஐம்பத்தெட்டு வயதில் இப்படி மறக்குமா? எழுதிவிட்டுச் செய்யாமல் போனேனா?

மறுபடி அழித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதும்போதே தோன்றுகிறது.

ஜூலை 9, புதன்

காலை 9.35. மகளின் போனிலிருந்து அவர் கூப்பிட்டார். ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இருந்து.

நேற்று மாலை முதலாளி அவர் மேசைக்கு வந்தாராம். கோபமே இல்லையாம். டீ வாங்கிவரச் சொல்லி அவருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார். பிறகு சொன்னாராம்: “பதினாலு பக்கமும் ரொம்பத் தெளிவா வந்திருக்கும்மா.” அவ்வளவுதான். போய்விட்டார்.

“நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?”

மேடம் என்பதை விட்டு அக்கா என்றது இதுதான் முதல் தடவை. இல்லை என்றேன். பதினான்கு என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இந்த நோட்டு என் பையை விட்டு இறங்குவதில்லை.

மிச்சம் ஒன்றுதான் இருக்கிறது. என் காலுக்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

ரசாக் பாயை உட்காரவைத்துக் கேட்டேன். ‘நன்றாக ஓடின நாளுக்குப் போ’ என்றால் என்ன செய்தீர்கள்?

நிர்வாகத் திரையைத் திறந்து காட்டினார். மரக்கிளை மாதிரி ஒரு படம். ஒரு கிளையில் ‘ஜூன் 16’. அதற்குக் கீழே ஓர் அம்புக்குறி, ‘நீங்கள் இங்கே’. ஜூன் 16க்குப் பிறகு கட்டிய பக்கங்களை முதலில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, மெஷினை அந்த நாளுக்குத் திருப்பி, அந்தப் பக்கங்களை மறுபடி உள்ளே போட்டிருக்கிறார். அந்த நிலையிலேயே நகல்.

“மென்பொருள்தானே திரும்பும்?”

“எல்லாந்தான் மேடம். அன்னிக்கு இன்னா இருந்துச்சோ அப்படியே. நீங்க அப்புறமா அழிச்சது அழிக்காததாயிடும்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “ஏன் மேடம், எதுனா இருந்துச்சா அதுல?”

ஜூன் 12இல் வைத்தேன். 16இல் பாய் மெஷினைப் படம் பிடித்தார். 22இல் அழித்தேன். ஜூலை 1இல், சாக்கடைக் கூட்டத்தில் நின்றுகொண்டு, என் வாயால் அதைத் திரும்ப வரவழைத்து நகலெடுத்து வேலப்பன்சாவடிக்கு அனுப்பினேன்.

அவர் மேல் தவறில்லை. ஃபோல்டர் இருப்பதே அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. ரகசியம் என்று.

ஜூலை 11, வெள்ளி

வேலப்பன்சாவடி. நெடுஞ்சாலை ஓரம், மாடியில் ஓர் அறை. கீழே கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக. வித்யா உட்காரச் சொன்னார். அவருடைய டிசைனர் விஷால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலையில் இருந்தார்.

அவர் திரையில் என் திரை இருந்தது. நான் வைத்த அதே பச்சைப் பின்னணி, என் வரிசையில் ஐகான்கள், பாதியில் நிற்கும் அஞ்சலிக் குறிப்பு. என் கணினியில் நான் வேறு ஓர் ஆள் கையால் வேலை பார்ப்பதை ஓரமாக நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. ‘வாடகை ரசீது’ மூன்றாவது வரிசையில். மேலே சுட்டியை வைக்கச் சொன்னேன். கடைசியாகத் திறந்தது ஜூலை 3, பகல் 12.48.

விஷால் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பரிசோதனைக் கூடம் இவர்களின் பழைய வாடிக்கையாளர். லெட்டர்ஹெட், பதிவேட்டு அட்டை எல்லாம் இவர் போட்ட டிசைன். படத்தில் தன் டிசைனைப் பார்த்ததும் முதலாளிக்குப் போன் போட்டிருக்கிறார்.

“உங்க ரிஜிஸ்டர் படம் பதினாலு இங்க இருக்கு சார், புது ப்ரோஷருக்கா அனுப்பினீங்கன்னு கேட்டேன் மேடம். சார் உடனே நேர்ல வந்துட்டார். ஃபோல்டரோட பென்டிரைவ்ல ஏத்திக்கிட்டார். ரொம்ப தேங்க்ஸ் தம்பின்னார்.”

ஃபோல்டரோடு. என்றால் குறிப்பும். பெயரும்.

வித்யா எங்களைப் பார்க்காமல் ஒரு விசிட்டிங் கார்டை மடித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே ஜூலை 3லிருந்து அந்த ஆளுக்குத் தெரியும். 8ஆம் தேதி டீ வாங்கிக் கொடுத்தார். நடுவில் ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் என்ன செய்தார்?

ஜூலை 12, சனி

ரசாக் பாயைக் காலையிலேயே வரச் சொன்னேன். எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். ஸ்நாப்ஷாட், இங்குள்ள மெஷின், வேலப்பன்சாவடி நகல், ஹார்டு டிஸ்க், எல்லாம். ஒன்று மிச்சம் இருக்கக் கூடாது.

அவர் உடனே செய்யவில்லை. “ஒரே ஒரு பென்டிரைவ்ல போட்டு உங்க கையில வெச்சிக்குங்க மேடம். இது அந்தக் குப்பைத் தொட்டி மாதிரி இல்ல. போனா போனதுதான்.”

“எனக்கு எதுவும் வேண்டாம்.”

“ஒரு தபா ரோசனை பண்ணி…”

“எத்தனை தபா பாய்? அழிங்கன்னா அழிங்க.”

கத்திவிட்டேன். ஆறு வருடத்தில் அவரிடம் கத்தியதில்லை. அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். அழிக்கும் முன் மெஷினின் பெயரைத் தட்டி உறுதி செய்யச் சொல்லிக் கேட்கிறது அந்தத் திரை. பக்கம் என்று அவர் தட்டினார். மதியம் வேலப்பன்சாவடி போய் அதையும் முடித்துவிட்டு வந்து, இங்கே பழையது இருந்த அதே இடத்தில் புது மெஷினை ஏற்ற ஆரம்பித்தார். மறுபடி எழுத்துருக்கள், மறுபடி ஒன்றரை நாள். முடிந்ததும் வேலப்பன்சாவடிக்கும் அதில் ஒரு நகல் போகும்.

நிம்மதி வரும் என்று நினைத்தேன்.

ஜூலை 14, திங்கள்

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வெளியே அவரைப் பார்த்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். என் தவறு என்றும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார்.

வேலையை விட்டுவிடுங்கள் என்றேன். விட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறார். டீ வாங்கிக் கொடுத்ததற்கு முந்தைய நாட்களில் முதலாளி பழைய தேதி போட்ட அறிக்கைகள் சிலவற்றைக் கையெழுத்துக்கு வைத்தாராம். போடாதீர்கள் என்றேன்.

“போட்டுட்டேங்க்கா. முப்பது இருக்கும். அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதே.”

அந்த ஐந்து நாள்.

ஜூலை 17, வியாழன்

கூடத்தில் பதிவேட்டைக் காணோமாம். அவரிடம்தான் கேட்கிறார்களாம்.

ஜூலை 21, திங்கள்

வேலப்பன்சாவடியிலிருந்து விளம்பரப் பக்கம் வந்தது. இளங்கோ என் மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

கீழ் வலது மூலையில் நான்கு அங்குலக் கட்டம். மேலே பரிசோதனைக் கூடத்தின் பெயர், ‘பொது அறிவிப்பு’. நடுவில் என்னிடம் வந்தவரின் படம், அடையாள அட்டையில் இருந்து எடுத்தது. மேற்படி நபர் 19ஆம் தேதி முதல் எங்கள் நிறுவனப் பணியில் இல்லை. நிறுவன முத்திரையைத் தவறாகப் பயன்படுத்திப் போலி அறிக்கைகள் வழங்கியதும் பதிவேட்டை எடுத்துச் சென்றதும் தெரியவந்துள்ளது. பொதுமக்கள் இவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொண்டால் நிறுவனம் பொறுப்பல்ல.

எங்கள் எழுத்துருவில். ‘கொ’ முழுதாக இருந்தது. ரசாக் பாய் ஒன்றரை நாள் உட்கார்ந்து சரிசெய்தது.

“நாம போடலைன்னா வேற பேப்பர்ல வரும் அக்கா,” என்றார் இளங்கோ.

“வரட்டும்.”

அவர் பேனாவை எடுத்துக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். இளங்கோவிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

வேறு பத்திரிகையில் வந்துவிட்டது.

ஜூலை 24, வியாழன்

அவரும் கணவரும் அலுவலகத்துக்கே வந்தார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது. கணவர் உத்தமன் ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார். கம்பெனிப் பெயர் போட்ட டிபன் பை தோளில். கூடத்துக்காரர்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். நாளையோ மறுநாளோ கூப்பிடுவார்கள். பதிவேடு இல்லை. அறிக்கைகளில் அவர் கையெழுத்து மட்டும். ‘பழையதே போடவும்’ என்று முதலாளி எழுதியது பதிவேட்டில் இருந்தது. பதிவேட்டின் பதினான்கு பக்கம் எங்களிடம் இருந்தது.

“அந்தப் படமெல்லாம் இருக்கில்லக்கா?”

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொன்னேன். எப்போது அழித்தேன், எதற்காக அழித்தேன் என்று சொன்னேன். அவர் போனில் இருந்ததையும் நான்தான் அழிக்கச் சொன்னேன் என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

உத்தமன் சத்தம் போடவில்லை. “மொதல்ல அழியாம உட்டீங்க. அப்பால தேவைப்படறப்ப அழிச்சிட்டீங்க. இன்னா கணக்கு மேடம் இது?”



ஜூலை 25, வெள்ளி

ரசாக் பாய் காலை முதல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு போராடினார். அழித்த இடத்தின் மேலேயே புது மெஷின் உட்கார்ந்துவிட்டது. துண்டு துண்டாகச் சில வந்தன: என் அஞ்சலிக் குறிப்பின் ஒரு வரி, ஒரு துணிக்கடை விளம்பரம். படம் ஒன்றுகூட இல்லை. ஹார்டு டிஸ்கிலும் வேலப்பன்சாவடியிலும் இதே கதைதான். மாலையில் திருகுகளை மாட்டிவிட்டு, “நான் அன்னிக்கு உங்க பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது மேடம்,” என்றார்.

வித்யாவுக்குப் போன் செய்தேன். விஷால் ஊருக்குப் போய்விட்டாராம். அந்தக் கூடத்து முதலாளி பென்டிரைவ் கொண்டுவந்ததைச் சொல்ல முடியுமா என்றேன்.

“அப்படி யாரும் வரலையே மேடம்,” என்றார் வித்யா, மிக மரியாதையாக.

ஜூலை 26, சனி

தண்ணீர் முடிவு வந்துவிட்டது. ஆறில் ஐந்து குடிக்கத் தகாதது. செய்தி உண்மை என்று நிரூபணமாகிவிட்டது. இனி அதிகாரிகளுக்கு ஒரு குற்றவாளி வேண்டும். கையெழுத்து தயாராக இருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

வழக்கறிஞர் தாட்சாயிணியைப் பார்த்தோம். முன்ஜாமீன் மனு போடுகிறார். அவர் கேட்டது ஒன்றுதான்: செய்தி வருவதற்கு முன்பே, தானாக வந்து, பதிவேட்டில் முதலாளி எழுதியதை இவர் காட்டினார் என்பதற்கு அந்தத் தேதியில் எழுதப்பட்டது ஏதாவது இருக்கிறதா? கணினியில் இருந்தால்கூட நாள் நேரத்தை மாற்றினார்கள் என்பார்கள். பேனாவில் எழுதியது?

என் பையைத் திறந்து இந்த நோட்டை மேசையில் வைத்தேன்.

ஜூன் 12ஐப் படித்தார். இரண்டு தடவை. தைத்த நோட்டு, தாள் எண் அச்சானது, முன்னும் பின்னும் தினசரி எழுத்து, ஒரே மை. இது நிற்கலாம் என்றார். ஆனால் இரண்டு சங்கடம். முழு நோட்டையும் கொடுக்க வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் மதிப்பு போய்விடும். இரண்டாவது: “அவர் அவர்னே எழுதியிருக்கீங்க. கணவர் பேரு இருக்கு, இவங்க பேரு இதுல எங்கேயும் இல்லையே?”

ஜூலை 30, புதன்

இன்று காலை நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜூலை 1 இருக்கிறது. ஜூலை 4 இருக்கிறது — அழித்தேனா மறந்தேனா என்று எழுதி, யாரிடமும் சொல்லவில்லை என்றும் எழுதி. ஜூலை 12 இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அவற்றை நிதானமாக, நிறுத்தி நிறுத்திப் படிப்பார். தகவல் கொடுத்தவரைக் காப்பாற்றத் தெரியாத நிருபர் என்று ஊரே தெரிந்துகொள்ளும். அதற்குப் பிறகு யார் என் மேசைக்கு எதிரே வந்து உட்காருவார்கள்?

நோட்டின் நடுத் தையல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. எதிர்த் தாளோடு சேர்த்து உருவினால் தெரியாது என்று ஒரு கணம் பார்த்தேன். அச்சிட்ட எண் இருக்கிறதே என்று உடனே நினைவு வந்தது. எண் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன்? எழுதத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மாலை அவர் வந்தார். தனியாக. அதே நாற்காலி. பெயரை எழுத அவர் அனுமதி வேண்டும் என்றேன். எழுதினால் நீதிமன்ற ஆவணமாகிவிடும். பின்னால் அழிக்க முடியாது என்பதையும் சொன்னேன்.

“எழுதுங்கக்கா. அவங்க போட்டோ போட்டு எழுதிட்டாங்க. நீங்களும் எழுதுங்க.”

ஜூன் 12 பக்கத்தின் அடியில் இரண்டு விரல் இடம் இருக்கிறது. மை கூட அதே மைதான். அங்கே எழுதினால் பொருத்தமாக உட்கார்ந்துவிடும், யாருக்கும் தெரியாது. அந்தக் கூடத்தில் நாற்பத்தொரு அறிக்கைகளும் அப்படித்தான் தயாராயின. இன்றைய தேதியிலேயே எழுதுகிறேன்.

தாள்களை எண்ணினேன். எல்லாம் இருக்கின்றன. ஜூலை 1ஆம் தேதியும் இருக்கிறது. நாளை காலை 10.30க்கு இந்த நோட்டைத் தாட்சாயிணியிடம் ஒப்படைக்கிறேன். எப்போது திரும்ப வரும் என்று தெரியாது.

ஜூன் 12 வியாழக்கிழமை மாலை 4.10க்குத் தானாக வந்து, பதிவேட்டின் பதினான்கு பக்கங்களையும் என்னிடம் காட்டியவர் பெயர் கஸ்தூரி.